கழித்தல் மூன்று

"அஞ்சு நிமிஷம் ஆச்சு. பூவராகன் சார், எவ்வளவு?" என்கிறாள் ஷாஹிதா. பூஜ்யம் என்கிறேன். "எஸ்தர்?" "பூஜ்யம்மா. சோக்கா கீது." சோக்காக எங்கே இருக்கிறது, வேண்டுமென்றே ஏசியை நிறுத்தி வைத்திருக்கிறோம், மே மாதத்துப் பிற்பகல், கிண்டி தொழிற்பேட்டையில் தகரக் கூரைக்குக் கீழே முதல் மாடி, சுவரில் வெப்பமானி முப்பத்துநான்கு காட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்களே செய்த இந்த வி.ஆர். ஹெட்செட்டைக் கண்ணை மூடி மாட்டிக்கொண்டேன். மாட்டிய பிறகு வெப்பமானி இல்லை, சுவர் இல்லை, ஷாஹிதாவும் இல்லை, குரல் மட்டும்தான். கண்ணுக்கு முன்னால் துறைமுகம். முப்பத்தெட்டு மீட்டர் உயரத்தில் ஒரு கிரேன் கேபினில் உட்கார்ந்திருக்கிறேன், காலுக்கடியில் கண்ணாடித் தளம், அதற்குக் கீழே கப்பல், வரிசை வரிசையாகக் கன்டெய்னர்கள், ஒன்றைக் கவ்வித் தூக்கிக் கரையில் நிற்கும் லாரி மேல் இறக்க வேண்டும், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது, நாற்பது நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஷாஹிதா கேட்பாள், தலைசுற்றலும் குமட்டலும் சேர்ந்து எவ்வளவு என்று ஓர் எண் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, பத்து என்றால் தாங்க முடியாது, கழற்று. பக்கத்து நாற்காலியில் இதே மாதிரி இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எஸ்தர். எண்ணூரில் ஒரு கிடங்கில் எட்டு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள், வயது முப்பத்தாறு, கிரேன் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், பயிற்சி நிலையம் இரண்டாம் தொகுதிக்கு நாளை ஆள் எடுக்கிறது, இன்று எங்களிடம் அவள் சொல்லும் எண்கள் நேராக அவளுடைய கோப்புக்குப் போகும். என்னுடைய எண்கள் எந்தக் கோப்புக்கும் போவதில்லை. என்னுடைய எண்கள் கருவியைப் பற்றியவை. அப்படித்தான் நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன், இன்று காலை டீ குடிக்கும்வரை.

அதை இப்போது நினைக்க வேண்டாம். கன்டெய்னரைப் பார். குனிந்து பார். இங்கேதான் எரிச்சல் ஆரம்பிக்கிறது, குனிவதில். இந்தக் கிரேனில் வேலை முழுவதும் இரண்டு காலுக்கு நடுவே கீழே பார்த்துச் செய்யும் வேலை, நிமிர்ந்து உட்கார்ந்து கடலை ரசிக்கிற வேலை இல்லை, இது முதல் நாளிலிருந்து எல்லாருக்கும் தெரியும், இருந்தும் எடையைச் சமன் செய்கிறேன் என்று பேட்டரியைப் பின்மண்டைக்குக் கொண்டுபோனோம். முன்னால் நானூற்றறுபது கிராம், பின்னால் நூற்றெண்பது, நிமிர்ந்து உட்கார்ந்தால் தராசு மாதிரி நிற்கிறது, எல்லாரும் கை தட்டினார்கள். குனிந்தால்? குனிந்தால் பின்னால் இருப்பதும் சேர்ந்து முன்னால் விழுகிறது, எதிர்எடை என்று வைத்தது இன்னொரு எடையாகிவிடுகிறது, கழுத்து அறுநூற்று நாற்பது கிராமையும் தூக்கிக்கொண்டு கொக்கி மாதிரி தொங்குகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பொறியாளர் தேவையா, தலையில் எதையாவது கட்டிக்கொண்டு ஒரு தடவை கீழே குனிந்தவன் போதும். நாங்கள் குனியவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் மண்டை, இறக்குமதி, மொட்டைத் தலை, வியர்க்காது, குனியாது, சாப்பிடாது. அதன் மேல் மாட்டி எல்லா அளவும் எடுத்தோம். சரி, பேட்டரியைக் கழற்றி இடுப்பில் கட்டிவிடலாம் என்றேன், ஒயர் வரும், ஒயர் வேண்டாம் என்றார்கள். பேட்டரியைச் சின்னதாக்கலாம் என்றேன், அப்போது நாற்பது நிமிடம் ஓடாது. திரையின் ஒளியைக் குறைத்தால் ஓடும், குறைத்தால் வெயிலில் நிற்கும் கப்பல் அந்தி நேரத்துக் கப்பல் மாதிரி தெரிகிறது. எதைப் பிடித்து இழுத்தாலும் இன்னொரு பக்கம் அவிழ்கிறது. ஒரு மனித முகத்துக்கு முன்னால் இருக்கும் இடம் இவ்வளவுதான், அந்த இடத்தில் ஒரு கணினியையும் இரண்டு திரையையும் இரண்டு லென்ஸையும் வைத்து, சூடாகாதே, கனக்காதே, பழுதாகாதே என்றால் அது என்ன செய்யும் பாவம். பாவமா? நான் ஏன் அதற்குப் பரிந்து பேசுகிறேன், கழுத்து வலிப்பது எனக்கு.

"பத்து நிமிஷம். சார்?" நாலு. உள்ளே நாலு. ஒண்ணு என்கிறேன். நாவு தானாகவே கழித்துவிடுகிறது, யோசிக்கக்கூட நேரம் கொடுப்பதில்லை, வயதுக்கு ஒன்று, மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு ஒன்று, ஆக மூன்று. "எஸ்தர்?" "ஒண்ணு." இது பொய் இல்லை, இதை நான் எனக்கே பலமுறை விளக்கியிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் தராசு சரிபார்க்கிற வேலையில் இருந்தவன் நான், மருந்துக் கம்பெனித் தராசு, நகைக்கடைத் தராசு, ஒரு தராசு எப்போதும் மூன்று மில்லிகிராம் கூடுதலாகக் காட்டினால் அதைத் தூக்கி எறிய மாட்டோம், திருத்தம் கழித்தல் மூன்று என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போவோம், பிழை என்பது தெரியாதவரைதான் பிழை, தெரிந்துவிட்டால் அது ஒரு கழித்தல், அவ்வளவுதான். பிப்ரவரியில் முதல் சோதனையில் எனக்கு ஆறு வந்தது. எனக்கு அப்போதே ஐம்பத்துநாலு, பேருந்தில் செய்தித்தாள் படித்தால் குமட்டுகிற உடம்பு, கண்ணாடியோடு ஹெட்செட் மாட்டுகிறவன், ஆக இந்தத் தராசு கூடுதலாகக் காட்டுகிறது என்று முடிவு செய்தேன். என் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, எனக்குச் சீக்கிரம் தலைசுற்றுகிறது என்று சொன்னால் கோகுல்நாத் என்ன சொல்வார் என்று தெரியும், முப்பத்தெட்டு வயது முதலாளி, மரியாதையாகத்தான் சொல்வார், "சார், நீங்க ரெஸ்ட் எடுங்க, சின்னப் பசங்கள வச்சுப் பாத்துக்கலாம்" என்பார். சின்னப் பசங்களை வைத்துப் பார்த்தோம், இரண்டு பேர், கம்பெனி ஆட்கள், என்னைவிடப் பெரிய எண் சொல்ல அவர்களுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும், பெருசே ரெண்டு சொல்கிறார், நாம் எப்படி அஞ்சு சொல்வது. இதை இன்று காலைதான் யோசித்தேன். ஒரு தராசில் கழித்தால் பக்கத்துத் தராசுக்கு அது கேட்காது. மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து எண் சொல்லும்போது கேட்கிறது.

எலுமிச்சை வாசனை வருகிறது. தரை துடைக்கும் திரவமாக இருக்கும், ஆனால் பிற்பகலில் யார் துடைக்கிறார்கள். கன்டெய்னரின் மூலையைக் கிரேனின் கவ்வி தவறவிட்டது, மறுபடி இறக்கு. இதில் இன்னொரு தொல்லை, கீழே கப்பல் முப்பத்தெட்டு மீட்டர் தள்ளி இருப்பதாகக் கண்கள் இரண்டும் நம்பி விரிகின்றன, ஆனால் லென்ஸ் கொடுக்கும் பிம்பம் ஒன்றரை மீட்டரில்தான் நிற்கிறது, எங்கே பார்த்தாலும் ஒன்றரை மீட்டர், கடலும் ஒன்றரை, கைப்பிடியும் ஒன்றரை, கண்ணுக்குள் இருக்கும் தசை ஒன்று சொல்கிறது, கண்ணைத் திருப்பும் தசை வேறொன்று சொல்கிறது, நடுவில் மூளை இரண்டு பேருக்கும் பஞ்சாயத்து பண்ணிப் பண்ணிக் களைத்துவிடுகிறது. இதைத் தீர்க்க முடியாதா என்று கேட்டால் முடியும், தலையில் இன்னும் இருநூறு கிராம் ஏற்றினால். "பதினஞ்சு. சார்?" "ஒண்ணு." "எஸ்தர்?" "ஒண்ணுதாம்மா. இன்னா சார், நீயும் ஒண்ணு, நானும் ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே கேபின்ல குந்திகினு கீறோமா?" ஷாஹிதா சிரிக்கிறாள். நானும் சிரிக்க வேண்டும், சிரித்தால் ஹெட்செட் குலுங்கி வியர்வை லென்ஸில் ஏறும், கன்னத்தை இறுக்கி வைத்துக்கொள்கிறேன். காலை டீ. ஷாஹிதா பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள், "முதல் பேட்ச்சுல இருபது பேர்ல ஏழு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம் சார், ஹெட்செட்ல நாலு தாண்டிட்டாங்களாம், உயரத்துக்கு ஒத்து வராத உடம்புன்னு எழுதிட்டாங்க." நாலு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "உங்க மெயில்தானே சார்." என் மெயில்தான். மார்ச் மாதம், பயிற்சி நிலையத்து அதிகாரி துரைசிங்கத்துக்கு, நானே தட்டச்சு செய்தது, சாதாரண ஆரோக்கியம் உள்ளவர் நாற்பது நிமிடத்தில் மூன்றைத் தாண்டுவதில்லை, ஆகவே நான்கை எல்லையாக வைக்கலாம். கருவிக்கு எல்லை என்று நினைத்து எழுதினேன். அவர்கள் ஆளுக்கு எல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு, சாதாரண ஆரோக்கியம் உள்ளவர் என்று எழுதியது யார். அந்தச் சாதாரண ஆரோக்கியம் உள்ளவர் யார். மூன்று கழிக்கப்பட்ட நான். அப்படி ஒரு ஆள் இந்தப் பூமியில் எங்கும் இல்லை. இல்லாத ஒருவனோடு ஒப்பிட்டு ஏழு பேரை அனுப்பியிருக்கிறார்கள்.

இல்லை, அவசரப்படாதே. அந்த ஏழு பேருக்கு உண்மையிலேயே உயரம் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். இருக்கலாமே. முப்பத்தெட்டு மீட்டர் சாதாரணமா? இப்படித்தான் காலையிலிருந்து நானே ஒரு வாசலைத் திறந்து நானே வெளியே போகிறேன், பத்து அடி போனதும் திரும்பி வருகிறேன். "இருபது." "ரெண்டு." உள்ளே ஐந்து. "ஒண்ணு." இப்போது நெற்றியில் சூடு தெளிவாகத் தெரிகிறது, பஞ்சு உறைக்கு அந்தப் பக்கம் சிப் இருக்கிறது, ஒன்பது வாட், ஒரு சின்ன இரவு விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டது போல. கோகுல்நாத் கேட்டாரே, "ஃபோன்ல இதே சிப்தானே சார் ஓடுது, அது மட்டும் எப்படிச் சமாளிக்குது?" ஃபோன் கையில் இருக்கிறது கோகுல், சுட்டால் மேசையில் வைத்துவிடுவீர்கள், முகத்தை எங்கே வைப்பீர்கள். அதைச் சொல்லவில்லை, வேறு ஏதோ விளக்கம் சொன்னேன், வரைபடம் போட்டு. ஃபேன் வைக்கலாம் என்றேன், வைத்தும் பார்த்தோம், நாற்பது கிராம், காதோரம் கொசு மாதிரி ஓர் ஓசை, அதோடு அது இழுத்து விடுவது முப்பத்துநான்கு டிகிரிக் காற்றைத்தானே, வியர்த்த முகத்தைத் தாண்டி வந்த காற்று, லென்ஸில் பனி படர்ந்தது. எடுத்துவிட்டோம். ஏசி அறையில் சோதித்தபோது எதுவும் தெரியவில்லை, பிளாஸ்டிக் மண்டைக்கும் தெரியவில்லை. கடற்கரையில் ஒரு பழைய கன்டெய்னர்தான் பயிற்சி வகுப்பு என்று சொன்ன பிறகுதான் ஏசியை நிறுத்தினோம். நிறுத்திய பிறகும் என் எண்கள் நாலைத் தாண்டவில்லை. எப்படித் தாண்டும், ஏறிய அன்று நான்கு கழித்தேன்.

அதை இதுவரை எனக்கே சொன்னதில்லை. ஏப்ரலில் ஒரு நாள் எட்டு வந்தது, அன்று காலை இட்லி சரியில்லை என்று கூடுதலாக ஒன்று கழித்தேன். இட்லி. இருபத்திரண்டு வருஷ அனுபவம் இட்லியில் வந்து நிற்கிறது. "இருபத்தஞ்சு. சார்?" "மூணு." இதோ, இந்த இடம்தான், ஒவ்வொரு தடவையும் இருபத்தைந்தாவது நிமிடத்தைத் தாண்டியதும் தலையைத் திருப்பினால் துறைமுகம் ஒரு மயிரிழை பிந்தி வருகிறது. கண்ணுக்குத் தெரியாது. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது, சூடானால் அப்படிச் செய் என்று அதற்கு நாங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறோம், படம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு பிந்தினால் கண் மன்னித்துவிடும், வயிறு மன்னிக்காது. தலை திரும்பிவிட்டது என்று காது சொல்கிறது, இன்னும் திரும்பவில்லை என்று கண் சொல்கிறது, ஏதோ விஷம் உள்ளே போயிருக்கிறது, வெளியே தள்ளு என்று வயிறு முடிவு செய்கிறது. இதில் வயது எங்கே வந்தது. இதில் மூக்குக்கண்ணாடி எங்கே வந்தது. கருவி தன்னைக் காத்துக்கொள்வதற்காக ஆளைக் கைவிடுகிறது, நான் அதற்கு என் வயதைச் சாக்காகக் கொடுத்தேன், ஏன், ஐம்பத்துநாலு வயதில் எந்தத் தப்பு நடந்தாலும் முதலில் என் உடம்பைத்தான் சந்தேகிக்கிறேன், கண்ணாடியில் எழுத்து மங்கினால் கண், பெயர் மறந்தால் மூளை, போன மாதம் பாத்ரூமில் ஒரு நிமிடம் சுவர் நகர்ந்தது, மனைவியிடம் சொல்லவில்லை, அன்றைக்கு மதியம் சோதனை முடித்துவிட்டுப் போயிருந்தேன் என்பதுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை, காதில் கோளாறு, மூளையில் ரத்தக்குழாய், அப்படியே போய்விடுவேன் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டேன். கருவியைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. "எஸ்தர்?" விழுங்கும் சத்தம். பிறகு இன்னொரு முறை. வாயில் எச்சில் ஊறுகிறது அவளுக்கு, அந்த விழுங்கல் எனக்குத் தெரியும், நாலு மாதமாக நான் விழுங்குவது அதைத்தான். "ஒண்ணு" என்கிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு. மறுபடி எலுமிச்சை வாசனை, இப்போது பலமாக. தரை இல்லை. அவள்தான். மலைப் பேருந்தில் வாந்தி வரும் என்று பயந்தவர்கள் கையில் வைத்துக்கொள்வது போல ஒரு பழத்தை உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுவந்திருக்கிறாள், நகத்தால் தோலைக் கீறி மோந்துகொண்டிருக்கிறாள், பத்தாவது நிமிடத்திலிருந்தே. அவளும் கழிக்கிறாள். எவ்வளவு கழிக்கிறாளோ. எனக்குத் திருத்தம் மூன்று, அவளுக்கு ஐந்தா, ஆறா. அவளுக்கு நாளைக்குத் தேர்வு, நாலு தாண்டினால் எண்ணூர்க் கிடங்குதான். என் எண்ணுக்குள் அடங்குவதற்காக இவள் வாயை மூடிக்கொண்டு விழுங்குகிறாள்.

இப்போது என்ன செய்யலாம். ஒன்று, இன்னும் பதினைந்து நிமிடம், மூணு மூணு மூணு, முடிந்தது, அறிக்கையில் இருபத்தைந்துக்குப் பிறகு சிப் சூட்டைக் கவனிக்கவும் என்று ஒரு வரி சேர்க்கலாம், அதை யாரும் படிக்க மாட்டார்கள், நான் எழுதினேன் என்று இருக்கும். அல்லது ஷாஹிதாவிடம் தனியாகச் சொல்லலாம். அல்லது கருவியின் அடுத்த மாதிரியில் எல்லையைச் சத்தமில்லாமல் ஏழாக உயர்த்தச் சொல்லலாம், காரணம் கேட்டால் பருவநிலை என்று சொல்லலாம். பார், இதுவும் கழித்தல்தான், குற்றத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டு வருகிறேன். கன்டெய்னர் ஊசலாடுகிறது. கடல் பிந்தி வருகிறது. "முப்பது நிமிஷம். சார்?"

"ஏழு" என்கிறேன்.

பேனா நிற்பது கேட்கிறது. "சார், ஏழா?" "ஏழு. எழுதுங்க." "சார், நாலு தாண்டினா டெஸ்ட்டை நிறுத்தணும்." "நிறுத்துங்க." பக்கத்திலிருந்து எஸ்தர், "இன்னா சார் நீ, சும்மா கலாய்க்கறியா," என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. நாற்காலி கீறிக்கொண்டு நகர்கிறது. நான் பட்டையை அவிழ்த்து நெற்றியிலிருந்து அந்தச் சூட்டைப் பிய்த்து எடுக்கிறேன், வெளிச்சம் குத்துகிறது, குப்பைக்கூடை முன்னால் எஸ்தர் மண்டியிட்டிருக்கிறாள், ஹெட்செட் கழுத்தில் தொங்க, ஷாஹிதா ஒரு கையால் அவள் கொண்டையையும் இன்னொரு கையால் ஹெட்செட்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு முறை வந்தது. பிறகு எஸ்தர் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நிமிராமலே, "எனக்கு ஒண்ணுதாம்மா. எழுதிக்கோ," என்கிறாள்.

ஷாஹிதா என்னைப் பார்க்கிறாள். சொல்ல வேண்டியதும் குமட்டல் மாதிரியேதான் இருக்கிறது, எது எது என்று பிரிக்க முடியவில்லை. "ஷாஹிதா, பிப்ரவரியிலேர்ந்து என் படிவம் எல்லாத்துலயும் மூணு கூட்டிக்கோங்க. ஏப்ரல்ல ஒண்ணுல மட்டும் நாலு." ஏன் என்று அவள் கேட்கவில்லை, கெட்டிக்காரி, கோப்பைத் திறந்து விரலால் ஓட்டிக்கொண்டே போகிறாள், ஆறு, ஆறு, எட்டு, ஆறு, அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "அப்ப ஒரு டெஸ்ட்கூட பாஸ் ஆகலையே சார்." "ஆகல." "நாலுங்கறது…" "நான் குறைச்சுச் சொன்னத வச்சு நானே போட்டது. அது எந்த மனுஷனுக்கும் பொருந்தாது." எஸ்தர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள், தண்ணீர் பாட்டிலைச் சரித்துக் கொப்புளித்துக் கூடையில் துப்புகிறாள், என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். "அப்ப எனக்கு வந்தது?" "எனக்கும் வந்ததுதான். எல்லாருக்கும் வரும். மெஷின் சூடாயிடுது." "இத்த ஏன் சார் அப்பவே சொல்லல?" வயதாகிவிட்டது என்று நினைத்தேன். இதை எப்படி இவளிடம் சொல்வது. "வெக்கமா இருந்துச்சு" என்கிறேன். அவள் பாட்டிலை மூடிவிட்டு, "மொத பேட்ச்சுல அனுப்பிட்டாங்களே, அதுல ஒருத்தன் எங்க தெரு, தெரியுமா உனுக்கு? டென்சிங்னு பேரு. மேல ஏறாமலே மயங்கி வுழுந்தவன்னு ஓட்றானுங்க. அவன் வெளிய வர்றதே இல்ல," என்கிறாள். டென்சிங். ஏழு என்ற எண்ணில் ஒன்றுக்கு இப்போது ஒரு பெயரும் ஒரு தெருவும் வந்துவிட்டன, மீதி ஆறு.

"கோகுல் சார்கிட்ட முதல்ல பேசிட்டு…" என்கிறாள் ஷாஹிதா. சரிதான், முறை அதுதான், அவரிடம் பேசினால் அவர் ஒரு கூட்டம் போடுவார், கூட்டத்தில் வார்த்தை தேடுவோம், திருத்தப்பட்ட பயன்பாட்டு வழிகாட்டி என்று ஏதாவது கிடைக்கும், அதற்குள் நாளை போய்விடும், இன்னொரு இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஃபோனை எடுக்கிறேன். கை ஈரம், விரலை அது ஏற்கவில்லை, சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்துகிறேன். "ஸ்பீக்கர்ல போடு சார்," என்கிறாள் எஸ்தர். மணி அடிக்கிறது. நாலாவது மணியில் எடுத்தார் துரைசிங்கம், நல்ல மனநிலையில் இருக்கிறார், பின்னால் கடற்காற்று. "சொல்லுங்க பூவராகன் சார், ரிசல்ட் ரெடியா? நாளைக்கு நாலையே வச்சு எடுத்துடலாமா?" ஒரு விநாடி, நல்ல வழி ஏதாவது, மென்மையான ஒரு வாக்கியம், பாதி மட்டும், தேடுகிறேன், தேடுகிறேன் என்பது எனக்கே தெரிகிறது. "எடுக்கக் கூடாது சார். அந்த நாலு தப்பு. நான் பண்ண தப்பு. நீங்க அனுப்புன ஏழு பேரையும் திரும்பக் கூப்பிடணும்." குரல் எனக்கே கேட்காத அளவுக்குத்தான் வந்தது. "என்ன சார், சரியா கேக்கல?"

"இன்னும் சத்தமா சார்," என்கிறாள் எஸ்தர்.